மூடி எந்தப் பக்கம் திறக்கும்

மனித நாகரிகம் சரியாக எந்த இடத்தில் கெட்டுப்போனது என்பதை என் சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். வரலாற்று ஆசிரியர்கள் இனி வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

“மீசை முளைச்ச ஆம்பளை ஒருத்தன், பொம்மை டேங்க் சக்கரத்துல எத்தனை ஆணி இருக்குன்னு எண்ண உக்காந்தான் பாரு,” என்றார் சித்தப்பா, இடது கன்னத்தைக் கையால் தாங்கியபடி. “அன்னிக்கே முடிஞ்சுது மனுஷ இனம். எழுதி வெச்சுக்கோ.”

நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அவருடைய பேனா கசிந்தபோதும் மனித இனம் முடிந்துதான் போயிருந்தது.

சித்தப்பா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைப் பிடித்து, ‘துப்பறியும் நிபுணர்’ என்று பலகை மாட்டினார். பலகையில் இடம் மிச்சமிருந்ததால் ‘மற்றும் உதவியாளர்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். என் பட்டப்படிப்புக்குக் கிடைத்த ஒரே வேலை இப்படி ஒரு பெயின்டரின் கணக்குப் பிழையால் கிடைத்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சித்தப்பாவின் கண்டுபிடிப்பை ரசிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரரும் ஆணி எண்ணறவர்தான். என் தம்பியும் எண்ணறவன்தான். அவன் தப்பா எண்ணுவான், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க கேஸை எடுத்துக்கறீங்களா, இல்ல இப்படியே பேசிட்டு இருக்கப் போறீங்களா?”

“எடுத்தாச்சும்மா. சொல்லுங்க.”

காலையில் அவர் போனில் ‘டேங்க் திருட்டுப் போச்சு’ என்று சொன்னபோது, சித்தப்பா ‘எத்தனை லிட்டர்?’ என்று கேட்டிருந்தார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. பல்வலி வேறு. ஆக, அந்தச் சின்ன அறையில் கோபமில்லாமல் இருந்தது நானும் மேசை விசிறியும் மட்டும்தான். மேசை விசிறியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

விஷயம் இதுதான். ஊரில் பிளாஸ்டிக் டாங்கி மாடல்களை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. இந்த அம்மாளின் கணவர் அதன் தலைவர். தொழில் பல் டாக்டர், பட்டப்பெயர் ஜெனரல். எந்த ராணுவமும் அவரைச் சேர்த்துக்கொண்டதில்லை. குரல் மட்டும் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு பழைய டாங்கி. அதை மாடலாக எந்தக் கம்பெனியும் இதுவரை செய்ததில்லை. சங்கத்தார் பல வருடமாகக் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு கம்பெனி செய்தது. விளம்பரப் படமும் வந்தது. படத்தில் மேல் கோபுரத்தின் மூடி இடப்பக்கம் திறந்தது. நிஜ டாங்கியில் அது வலப்பக்கம் திறக்கும். அன்றிலிருந்து சங்கம் கொதித்துக்கொண்டிருக்கிறது. கம்பெனியைத் திட்டாதவர் யாரும் இல்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னவரும் யாரும் இல்லை.

சனிக்கிழமை விற்பனை ஆரம்பம். கடையில் காட்டுவதற்காகக் கம்பெனியே ஒட்டி முடித்த ஒரு மாதிரியை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. இன்னும் பெயின்ட் அடிக்காத சாம்பல் நிற டாங்கி. அது கண்ணாடி அலமாரியிலிருந்து காணாமல் போனது. அன்று பகலில் கடையின் ஷட்டரைப் பழுது பார்க்க வந்தவன், லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் இந்த அம்மாளின் தம்பி. சங்கத்தில் அவன் பேரே ‘லிஃப்ட்’தான். நேற்றைய கூட்டத்தில் ஜெனரல் எழுந்து, “எல்லாரும் பையைத் திறங்க” என்றிருக்கிறார். லிஃப்டின் பையில், ஸ்பேனர்களுக்கு அடியில், டாங்கி இருந்தது.

“இன்னிக்குச் சாயந்தரம் திரும்பக் கூடறாங்க,” என்றார் அந்த அம்மாள். “அவனைச் சங்கத்துலேர்ந்து தூக்கிட்டு போலீஸ்ல கொடுக்கப் போறாங்களாம். சங்கம் போனா போகட்டும் சார். அவன் பூட்டின கட்டடத்துக்குள்ள எல்லாம் தனியாப் போய் வேலை பார்க்கிறவன். திருடன்னு ஒரு தடவை பேர் வந்தா அப்புறம் யார் உள்ள விடுவா?”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“என் வீட்டுப் படி ஏறக்கூடாதுங்கறார். என் தம்பி. என் வீட்டுப் படி.” கைப்பை கடைசி மூச்சு விட்டது. “அவன் எடுக்கலைங்கறான். நான் நம்பறேன். சாயந்தரத்துக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க. இல்லேன்னா அந்த வீட்டுல இருக்கிற அத்தனை டேங்கையும் மிக்ஸில போட்டு அரைச்சுடுவேன்.”

அவர் போன பிறகு சித்தப்பா கன்னத்தை மறுபடி பிடித்தார்.

“பல்லை ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே சித்தப்பா.”

“எனக்குப் பல்வலி இல்லடா.”

“உங்களுக்கு இல்ல. பல்லுக்கு இருக்கு.”

மாடல் கடைக்காரி எங்களை வரவேற்ற விதத்தை வரவேற்பு என்று சொல்ல முடியாது. பசைப் பாட்டில்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் யார் மண்டையிலோ வைப்பதுபோல வைத்தார்.

“அந்த ஆளை நம்பி ஷட்டரையே கழட்ட விட்டேன் சார். சாவியைக் கையில கொடுத்தேன். இன்னிக்குச் சாயந்தரம் சங்கத்துல நானே பேசப் போறேன்.”

“பேசுங்கக்கா. அதுக்கு முன்னாடி பொருளைப் பார்க்கலாமா?” என்றேன்.

கல்லாவுக்குக் கீழேயிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். சித்தப்பா துணியை விலக்கினார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய டாங்கி. அவர் அதைப் பார்த்த பார்வையில் மனித இனத்தின் மேல் இருந்த வருத்தம் முழுவதும் தெரிந்தது.

பிறகு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தார். திரும்ப டாங்கியைப் பார்த்தார்.

“இதுல மூடி எந்தப் பக்கம் திறக்குது?”

“இடது,” என்றார் கடைக்காரி, பார்க்காமலே. “அதுக்குத்தானே ரெண்டு மாசமா எல்லாரும் என் உயிரை எடுக்கறாங்க.”

“பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தார். கையிலிருந்த பசைப் பாட்டில் அந்தரத்தில் நின்றது. இங்கே அச்சிட முடியாத ஒரு சொல்லைச் சொன்னார்.

“வலது,” என்றார் பிறகு.

“இது பையிலேர்ந்து வந்தப்ப யாரும் கவனிக்கலையா?”

“எல்லாரும் கத்திட்டு இருந்தோம் சார். நான் உடனே துணியில சுத்தி உள்ள வெச்சுட்டேன்.”

சக்கரத்துக்குச் சக்கரம் ஆணி எண்ணுகிற ஒரு கூட்டம், கோபப்படுகிற மும்முரத்தில் டாங்கியையே பார்க்கத் தவறியிருக்கிறது. கோபத்தில் கண் தெரியாது என்பது சரிதான். இவர்களுக்கு மூடியும் தெரியவில்லை.

“அப்ப திருடினவன் சும்மா திருடலை,” என்றார் சித்தப்பா. “தப்பைச் சரி பண்ணியிருக்கான். திருட்டுச் சாமானை ரிப்பேர் பண்ணித் திருப்பிக் கொடுத்த முதல் திருடன் இவன்தான்.”

“சர்வீஸ் சார்ஜ் வேற வாங்கலை,” என்றேன்.

“லிஃப்ட் இதைப் பண்ணியிருப்பானாம்மா?”

கடைக்காரி ஜன்னலோர அலமாரியைக் காட்டினார். சங்கத்தார் ஒட்டிய மாடல்கள் அங்கே வரிசையாக நின்றன. எல்லாம் சேறும் துருவும் பூசப்பட்டு நிஜம்போலவே இருந்தன. கடைசியில் ஒன்று மட்டும் தக்காளிச் சிவப்பு. அதன் பீரங்கி பின்பக்கம் பார்த்தது.

“அது அவன் ஒட்டினது,” என்றார். குரலில் கோபம் திசை மாறிக்கொண்டிருந்தது. “அவனுக்கு இடது வலதே தெரியாது சார். லிஃப்ட்ல மேல, கீழ ரெண்டும் தெரிஞ்சா போதும் இல்ல. ஒட்டிக்கிட்டே சிரிப்பான். அவன் ஒருத்தன்தான் இங்க சந்தோஷத்துக்காக ஒட்டறவன்.”

“மத்தவங்கள்ல யார் இந்த மூடியை மாத்தியிருப்பாங்க?”

“மத்தவங்கள்ல யார் மாத்தாம விட்டிருப்பாங்கன்னு கேளுங்க.”

சித்தப்பா டாங்கியை வெளிச்சத்தில் சாய்த்தார். மூடி முன்பு இருந்த இடப்பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகளை யாரோ அடைத்திருந்தார்கள். சாம்பல் பிளாஸ்டிக்கில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

“பட்டி,” என்றேன். மாடல்காரர்கள் இடைவெளியை அடைக்கும் வெள்ளைப் பசைக்கு அதுதான் பெயர். சுவருக்குப் பூசுவதன் சின்னத் தம்பி.

கடைக்காரி நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் வழுக்கியது. இன்னும் அழுத்திக் கீறினார்.

“இது என் கடைப் பட்டி இல்ல. எந்தக் கடைப் பட்டியும் இல்ல. பட்டின்னா நகம் இறங்கும். இது கல்லு மாதிரி இருக்கு.”

சித்தப்பா டாங்கியைத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தார். “இது எங்ககிட்ட இருக்கட்டும்மா. பையைத் திறக்கச் சொன்னவரைப் பார்த்துட்டு வர்றோம்.”

“பல் டாக்டரையா சித்தப்பா?” என்றேன், முகத்தை மிக ஒழுங்காக வைத்துக்கொண்டு.

“பையைத் திறக்கச் சொன்னவரை,” என்றார் அவர், கன்னத்திலிருந்து கையை எடுக்காமல்.

கிளினிக் முன்னறையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் எங்கள் கட்சிக்கார அம்மாளே உட்கார்ந்திருந்தார். எங்களைத் தெரியாதவர்போல் சித்தப்பாவின் பெயரைக் கேட்டு, உள்ளே அனுப்பினார். நான் வெளியே இருந்தேன்.

மற்ற டாக்டர்கள் சான்றிதழ் மாட்டும் இடத்தில் இங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அதே டாங்கி. ஆனால் கம்பெனி செய்தது இல்லை. வெறும் பிளாஸ்டிக் தகட்டைக் கையால் வெட்டி, செதுக்கி, ஒவ்வொரு ஆணியையும் தனித்தனியாக ஒட்டிச் செய்தது. ஒரு பாதி பச்சை வண்ணம். மறுபாதி வெறுமையாக நின்றது.

“நாலு வருஷம்,” என்றார் அந்த அம்மாள் தணிந்த குரலில். “இந்த டேங்க் எந்தக் கடையிலும் கிடைக்காதுன்னு அவரே பண்ண ஆரம்பிச்சார். கம்பெனி விளம்பரம் வந்த அன்னிக்கு பிரஷ்ஷைக் கீழே வெச்சவர்தான். அப்புறம் தொடலை.”

“உங்க தம்பி இதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சாப்பிடறப்ப கிண்டல் பண்ணான். ‘மாமா, நீங்க நாலு வருஷமா வெட்டினதை நான் ஒரே ஞாயித்துக்கிழமையில ஒட்டி முடிச்சிருவேன்’னு. எல்லாரும் சிரிச்சோம்.”

“டாக்டர்?”

“அவர் சாதத்தைப் பிசைஞ்சிட்டு இருந்தார்.”

உள்ளேயிருந்து மெஷின் சத்தமும் ஜெனரலின் குரலும் மாறி மாறி வந்தன. குரல்தான் அதிகம் துளைத்தது.

“நாலு வருஷம் சார்.” ர்ர்ர். “சக்கரம் ஒவ்வொண்ணும் கையால.” ர்ர்ர். “இப்ப என்னடான்னா, பெட்டியைத் திறந்தா டேங்க். எந்தக் கழுதையும் ஒட்டலாம். அதுவும் தப்பான மூடியோட.” ர்ர்ர். “வாயை மூடாதீங்க. மூடாதீங்கன்னேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். சித்தப்பா மல்லாந்திருந்தார். வாயில் பஞ்சு, உறிஞ்சு குழாய், ஒரு கண்ணாடி. எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதல் முறையாக ஒருவர் பேச, சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

ஜெனரல் துளையில் வெள்ளைப் பசை ஒன்றை அழுத்தி, நீல விளக்கைக் காட்டினார். பிறகு ஊசிமுனைக் கருவியால் அதைத் தட்டினார். டக், டக்.

“ஒரு அடுக்கு முடிஞ்சுது. இன்னும் ஒண்ணு பாக்கி. பார்த்தீங்களா, கல்லு மாதிரி. நகம் இறங்காது.”

சித்தப்பாவின் கண்கள் அகலமாயின.

“ஆ,” என்றார். “ஆ, ஆ.”

“துப்பணுமா?” என்றேன்.

“ஆஆ.” தன் வாயைக் காட்டினார். ஜெனரலின் பசையைக் காட்டினார். என் பையைக் காட்டினார்.

“தண்ணி வேணுமா?”

அவர் பார்த்த பார்வையில் என் பெயர் பலகையிலிருந்து பாதி அழிந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கல்லு மாதிரி. நகம் இறங்காது. டாங்கிக்கு யாரோ சொத்தைப் பல் அடைத்திருக்கிறார்கள்.

நான் துணியைப் பிரித்து டாங்கியைக் கருவித் தட்டில், இடுக்கிகளுக்கு நடுவே வைத்தேன். ஜெனரல் அதைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வெள்ளைப் புள்ளியைக் காட்டினால், ‘பட்டிதானே’ என்று சாதித்துவிடுவார். சாயந்தரத்துக்குள் வேறு வழி வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தப்பாகப் பேசும் திறமை. சின்ன வயதிலிருந்து வளர்த்தது.

“அழகா இருக்கு டாக்டர்,” என்றேன். “மூடி இடப்பக்கம் திறக்கறது ஒண்ணும் பெரிய தப்பாத் தெரியலையே.”

“இடப்பக்கமா?”

“இதோ. இடப்பக்கம்தானே திறந்திருக்கு.”

“கண்ணு இருக்காய்யா உனக்கு?” அவர் குரல் ஜன்னலை உலுக்கியது. “அது வலப்பக்கம். வலப்பக்கம்தான் திறக்குது. இடப்பக்கம் இருந்ததை நான்தானே மாத்தி…”

நின்றார்.

உறிஞ்சு குழாய் மட்டும் சித்தப்பாவின் வாயில் களகளவென்று பேசிக்கொண்டிருந்தது.

“சொல்லி முடிங்க,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஜெனரல் கையுறையைக் கழற்றினார். ஒரு விரல் ஒட்டிக்கொண்டது, இழுத்துக் கிழித்தார்.

“ஆமா. நான்தான். ஷட்டர் கழட்டிக் கிடந்தப்ப, என்னோடதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கத்தான் எடுத்தேன். மறுநாளே திருப்பி வெச்சிருப்பேன். வெச்சுப் பார்த்தா…” குரலில் முதல் முறையாக ராணுவம் இல்லை. “என்னோடதைவிட அது நல்லா இருந்துச்சு. ஒவ்வொரு இடமும். மூடியைத் தவிர. அந்த மூடியை மட்டும் அப்படியே விட முடியலை.”

“அவன் பையில வெச்சது?”

“அவன் என்ன சொன்னான்னு கேட்டே இல்ல? ஒரு ஞாயித்துக்கிழமையாம். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே.”

“சிரிச்சேன்,” என்றார் அவர். கத்தவில்லை. கத்தியிருந்தால் அறையிலிருந்த எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். “என்கிட்ட கோபப்பட்டிருக்கலாம். அவன் தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். அவன் பிழைப்புல கை வெச்சீங்க. கட்டின பொண்டாட்டியோட தம்பி. ஒரு கிண்டலுக்கு.”

ஜெனரல் தரையைப் பார்த்தார்.

“போன் போடுங்க அவனுக்கு.”

“இவர் பல்லை முடிச்சுட்டு…”

“இப்ப.”

“ஆ?” என்றார் சித்தப்பா. யாரும் கவனிக்கவில்லை.

ஜெனரல் போனை எடுத்தார். “மச்சான், நான் மாமா பேச…” என்று ஆரம்பித்து, காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். “வெச்சுட்டான்.”

“திரும்பப் போடுங்க.”

திரும்பவும் வைத்துவிட்டான். அந்த அம்மாள் நகரவில்லை. ஜெனரல் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பக்கம் எடுத்தது. ஜெனரல் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். காது சிவந்தது.

“என்னவாம்?”

“சாயந்தரம் சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம். பையைத் திறங்கன்னு சொன்னேனே, அதே சத்தத்துல சொல்லணுமாம்.”

“சொல்லுவீங்க,” என்றார் அந்த அம்மாள். “அவன் வீட்டுக்கு வர்றானா?”

“அதை நான் கேக்கலை.”

“நீங்க கேக்கவும் வேண்டாம். நான்தான் அவன் வீட்டுக்குப் போறேன். வான்னு எப்ப கூப்பிடத் தோணுதோ, அப்ப கூப்பிடுங்க. ரெண்டு பேரையும்.”

கதவு சத்தமில்லாமல் மூடியது.

ஜெனரல் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, சித்தப்பாவின் பல்லுக்குத் திரும்பினார். தன்னைப் பிடித்துக் கொடுத்த மனிதனின் வாய் திறந்து கிடக்கிறது. கையில் ஊசி இருக்கிறது. சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் ஜெனரல் இரண்டாவது அடுக்கை வைத்து, தேய்த்து, கடிக்கச் சொல்லி, திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்தார். எந்த நிலையிலும் ஒரு பொருளைத் தப்பாக விட்டுவைக்க அந்த மனிதரால் முடியாது. அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

சாயந்தரம் சங்கத்தில் அதே சத்தத்தில் சொன்னார். அடுத்த தெருவிலும் கேட்டதாகக் கேள்வி. லிஃப்ட் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்று, முழுவதையும் கேட்டுவிட்டு, நேரே வெளியே போய்விட்டான். கடைக்காரி அவன் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினார். ஷட்டர் சாவியை அவன் கையில் திணித்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மாடல் விற்பனைக்கு வந்தது. மூடி இடப்பக்கமே திறந்தது. கம்பெனியைத் திட்டியபடியே வரிசையில் நின்று அத்தனை பேரும் வாங்கினார்கள். ஜெனரல் வரவில்லை. கடைக்காரி நன்றிக்கு ஒரு பெட்டியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்.

“எனக்கெதுக்கும்மா இது? நான் பெரிய மனுஷன்,” என்றார் சித்தப்பா, வரிசை முழுவதுக்கும் கேட்கும்படி. “டேய், இதை ஆபீஸ்ல எங்கேயாவது போடு. அலமாரி ஆடாம இருக்க அடியில முட்டுக் கொடுக்கலாம்.”

முட்டுக் கொடுத்தேன். அலமாரி ஆடாமல் நின்றது.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது அலமாரி ஆடியது. மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு சாம்பல் நிறச் சக்கரத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாக்கு அடிக்கடி அந்தப் புதிதாக அடைத்த பல்லைத் தொட்டுவிட்டு வந்தது.

“சித்தப்பா, ஒரு இன்ஷூரன்ஸ் பார்ட்டி…”

ஒரு விரலை உயர்த்தினார். விட்ட இடம் மறந்துபோயிருக்க வேண்டும். என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திருப்பிப் பிடித்து, முதல் ஆணியில் நகத்தை வைத்தார்.

“ஒண்ணு,” என்றார்.